ஆறு நிறப் பாற்சோறும் ஒரு துடக்கும்

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் கம்பனியின் குடை நிறம் மாறிவிடும். நாங்கள் காப்புறுதி விற்கிறவர்கள், அதனால் எங்கள் இலச்சினை ஒரு குடை. பதினொரு மாதம் கடும் நீலத்தில் இருக்கும் அது, ஒருபாலீர்ப்பு உள்ளவர்களைக் கொண்டாடும் வானவில் மாதம் என்று அந்த ஒரு மாதம் மட்டும் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று கோடு கோடாக விரியும். அதுவும் எங்கள் ஆங்கில இணையப் பக்கத்தில் மட்டும்தான். சிங்களப் பக்கத்திலும் தமிழ்ப் பக்கத்திலும் குடை பழைய நீலத்திலேயே நிற்கும். தமிழ்ப் பக்கத்துக்குப் பொறுப்பு நான். ஒவ்வொரு ஜூனிலும் கந்தோருக்குப் போனதும் மூன்று பக்கங்களையும் திறந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு, காலமையே எரிச்சலை வரவழைத்துக்கொண்டு, தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போவேன்.

காரணம் கேட்காமலும் இல்லை. ஒரு கூட்டத்தில் வாய்விட்டே கேட்டேன். விளம்பரப் பிரிவின் தலைவர், தமிழில் ஒரு சொல்லும் தெரியாத மனிதர், தமிழ் வாடிக்கையாளர்கள் கலாசாரத்தில் ஊறியவர்கள், அவர்களை மெல்ல மெல்லத்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கு விளக்கம் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெள்ளவத்தையில் இன்னொரு பெண்ணோடு பன்னிரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிற தமிழ் வாடிக்கையாளர் ஒருத்தி அவருக்கு நேரெதிரே இருந்து கிறீம் கிறாக்கர் கடித்துக்கொண்டிருந்தாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. அதே கூட்டத்தில், வானவில்லுக்கு ஏழு நிறமல்லவா, பனரில் ஏன் ஆறு கோடு, அச்சடித்தவன் ஒன்றை விட்டுவிட்டானா என்றும் கேட்டார். அந்தக் கொடிக்கு ஆறே கோடுதான். நான் மிச்ச பிஸ்கட்டையும் சாப்பிட்டு முடித்தேன்.

கந்தோருக்கு என் விஷயம் தெரியவந்தது என் வாயாலேயேதான். இரண்டு வருடத்துக்கு முன்னர் எங்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். வானவில் நிற நாடாவில் அடையாள அட்டையைக் கோர்த்துக் கழுத்தில் போட்டு, கதிரைகளை வட்டமாக வைத்து, இங்கே யாரும் எதையும் சொல்லலாம், இது பாதுகாப்பான இடம் என்றார்கள். நான் இலேசில் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு என்ன நடந்ததோ, குளிரூட்டியின் குளிரில் புத்தி மரத்துப்போனதோ, சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்காகத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அன்றிலிருந்து ஜூன் மாதத்தில் நான் கம்பனியின் சொத்து. ஜூலை முதலாம் திகதி பழையபடி தமிழில் எழுத்துப்பிழை பார்க்கிறவள்.

மனிதவளப் பிரிவின் மனேஜருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவளும் வெள்ளவத்தை, யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். அவளுடைய அம்மாவும் நானும் மரக்கறிக் கடையில் ஒரே முருங்கைக்காய்க் கட்டுக்குக் கை நீட்டியிருக்கிறோம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கெட்ட பெண் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நன்றாகக் கோபித்துவிட்டு என் பாட்டில் இருந்திருப்பேன். அவளோ ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மறுப்பாள்.

எங்கள் வீடு, காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடி. ரயில் போனால் பாத்திரங்கள் கிலுகிலுக்கும். என்னோடு இருக்கிறவள் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூசன் எடுக்கிறாள். மாடியில் இருப்பவர்கள் எங்களைச் சித்தி, பெரியம்மா பிள்ளைகள் என்று தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். நாங்கள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டப் புத்தகத்தில் எங்களைப் போன்றவர்கள் இன்னும் குற்றவாளிகள்தான். சட்டத்தைவிட ரியூசன் பிள்ளைகளின் தாய்மாருக்குத்தான் எனக்குப் பயம். அதனால் கம்பனிக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை, என் படம் எங்கும் வரக்கூடாது என்பது. அதற்கென்ன அக்கா என்றார்கள். நிகழ்வு நடக்கும்போதெல்லாம் ஒரு கமராக்காரர் என்னைச் சுற்றி நடந்துகொண்டுதான் இருப்பார்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள். அப்பா புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்ந்தவர். எங்களைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. மகளுக்குத் தொலைபேசி எடுத்தால் கடைசியில், மற்றப் பிள்ளை வந்திட்டுதோ, சாப்பிட்டுதோ என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஒரு தடவை வெள்ளவத்தையில் நுளம்பு கூடிவிட்டது என்று கேள்விப்பட்டு வலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் இரண்டு பேர் படுக்கிற கட்டிலுக்கான பெரிய வலை. கூரையில் கொழுக்கி அடித்து, ஏணியில் ஏறித் தானே கட்டிவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு நின்றோம்.

அந்த மனிதர் இந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் இறந்துபோனார். நெஞ்சு நோகிறது என்று சொன்னவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நேரம் இருந்தது.

நான் மனிதவளப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் கம்பனியில் பெற்றோர் இறந்தால் மூன்று நாள் லீவு. கணவனின் அல்லது மனைவியின் பெற்றோர் இறந்தாலும் அதே மூன்று நாள். அதைத் தரும்படி கேட்டேன். மனேஜர் பெண் உண்மையாகவே கவலைப்பட்டாள். ஐயோ அக்கா, எப்ப, என்ன நடந்தது, அவ எப்பிடி இருக்கிறா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு விளங்குது அக்கா. ஆனா மாமா எண்டு போட்டா, கலியாணம் முடிச்சவரின்ர பேரைச் சிஸ்டம் கேக்கும். உங்களுக்கு அப்பிடி ஒருத்தர் இல்லைத்தானே."

இல்லைத்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? போன வருடம் இதே மாதம் இதே பெண்தான் மைக்கைப் பிடித்து, எங்கள் சகோதரியும் அவருடைய வாழ்க்கைத் துணையும் எங்களுக்குப் பெருமை என்று சொல்லி எல்லோரையும் கை தட்ட வைத்தவள். அந்தத் துணைக்கு ஒரு அப்பா இருப்பார், அப்பா என்றால் ஒருநாள் சாவார் என்பதை மட்டும் கம்பனி யோசிக்கவில்லை. காப்புறுதிக் கம்பனி, சாவை யோசிப்பதுதான் எங்கள் தொழிலே. வருடாந்த லீவில் எடுக்கலாமா என்றேன். வானவில் மாதம், வேலை கூட, ஒரு நாள் தரலாம், மிச்சத்துக்கு அரை நாள் அரை நாளாகச் சமாளியுங்கள் என்றாள்.

கனடாவிலிருந்து என்னோடு இருக்கிறவளின் தம்பி வந்து சேரும்வரை உடலை வைத்திருந்து, பிறகு கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒடுங்கிய வீடு. முன்னறையில் பெட்டியை வைத்தால் ஆட்கள் சுவரோடு ஒட்டித்தான் நிற்கவேண்டும். எல்லாவற்றையும் நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பெரியம்மா, அவளுடைய அம்மாவின் அக்கா. செத்தவீட்டு முறைகள் முழுவதும் அவவுக்கு விரல் நுனியில். யாருக்கு முழுத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, யாருக்கு மூன்று நாள் துடக்கு, யாருக்குத் துடக்கே இல்லை, யார் எப்போது தலைமுழுகவேண்டும் என்று வாசலில் கால் வைக்கிற ஒவ்வொருவரையும் பார்த்த மாத்திரத்தில் தரம் பிரித்துவிடுவா. என்னைப் பார்த்தா. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"நீர் வெளி ஆள்தானே பிள்ளை. உமக்குத் துடக்கில்லை. தேத்தண்ணிப் பக்கத்தைப் பாரும்."

இது மரியாதைக் குறைவாகச் சொன்னது இல்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, உரித்துக்காரர் எதையும் சமைக்கக்கூடாது. துடக்கில்லாதவர்கள்தான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவேண்டும், சோறு கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அப்படி ஒரு ஆள் கிடைப்பது உதவி. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் தங்கள் குசினியைத் திறந்துவிட்டிருந்தது. நான் அங்கேயிருந்து தட்டம் தட்டமாகத் தேத்தண்ணி கொண்டுவந்தேன். அந்த வீட்டு மனிதருக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரே பதவி. அவர் சீனி போட, நான் கலக்கினேன்.

வாய்க்கரிசி போட உரித்துக்காரரைக் கூப்பிட்டபோது நான் வெறும் கோப்பைகளோடு கதவடியில் நின்றேன். ஒவ்வொருவராகப் போய் அரிசி போட்டார்கள். என்னை ஒருநாளும் கண்டிராத, அவரையும் கலியாண வீடுகளில் மட்டும் கண்ட ஒன்றுவிட்ட மச்சான்மார் எல்லாம் போனார்கள். அவள் போட்டுவிட்டுத் திரும்பி, ஆட்களுக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்தாள். வா என்று சொல்லும் பார்வைதான். போயிருக்கலாம். பெரியம்மா எந்த முறையில் என்று கேட்டிருந்தால் அந்தச் சபையில் அவள்தான் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும், அவளுடைய அம்மா தலை குனியவேண்டி வந்திருக்கும். நான் அசையவில்லை. எங்கள் வீட்டுக் கூரையில் கொழுக்கி அடித்த மனிதருக்கு ஒரு பிடி அரிசி போட எனக்கு உரித்து இல்லையென்பதை, கையில் எச்சில் கோப்பைகளோடு ஒத்துக்கொண்டு நின்றேன். அழுகையைவிட எரிச்சல்தான் கூட வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தொலைபேசி அதிர்ந்தது. மனேஜர் பெண். குறைநினைக்காதீர்கள் அக்கா, இந்த முறை மூன்று மொழியிலும் போடப் போகிறோம், ஒவ்வொரு குடும்பமும் பெறுமதியானது என்ற கருத்தில் தமிழில் ஒரு வரி உடனே வேண்டும், அச்சகம் காத்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு வானவில், ஒரு கும்பிடும் கை, ஒரு அழுகிற முகம். பெட்டியைத் தூக்கி ஆண்கள் மாதம்பிட்டி மயானத்துக்குப் போனபிறகு, பக்கத்து வீட்டுக் குசினிப் படியில் இருந்து, எல்லாக் குடும்பமும் குடும்பமே என்று தட்டி அனுப்பினேன். நல்ல வரி அக்கா என்று பதில் வந்தது.

அந்த வரி முகப்பு மண்டபத்துப் பனரில் மட்டும்தான் ஏறியது. தமிழ்ப் பக்கத்தில் ஏறவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் எங்கள் முகவர்கள் வீடு வீடாகப் போகிறவர்கள், அவர்களுக்குச் சங்கடமாகும் என்று கடைசி நேரத்தில் யாருக்கோ ஞானம் பிறந்துவிட்டது. இந்த வருடமும் குடை எனக்கு நீலம்தான்.

என்னோடு இருக்கிறவள் முப்பத்தோராம் நாள் காரியமான முப்பத்தொன்று முடியும்வரை கொட்டாஞ்சேனையில் தாயோடு தங்கினாள். நான் வெள்ளவத்தையில் தனியே படுத்து எழும்பினேன். பின்னேரம் வேலை முடிய மட்டக்குளிப் பஸ் ஏறி அங்கே போய், தேத்தண்ணி ஊற்றி, வந்தவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, கடைசிப் பஸ்ஸுக்கு முன் திரும்புவேன். பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் இவ்வளவு நாள் பிரிந்து இருந்ததில்லை. அவளோடு ஐந்து நிமிடம் தனியாகக் கதைக்கக்கூட அந்த வீட்டில் இடமில்லை. துக்கம் விசாரிக்க வந்தவளைப் போல முன்னறையில் இருந்துவிட்டு, வாறன் என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வருவேன், செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாதாம். ஊரில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. என்னை என்னவென்று வகைப்படுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த மனிதருக்காகத் துக்கம் காக்கிற உரிமை யாராவது எனக்குத் தரமாட்டார்களா என்று பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் மனம் கிடந்து கேட்டது. கம்பனியிடம் கேட்டு ஏமாந்தாயிற்று. இந்த வீட்டிடம் கேட்க வாய் வரவில்லை.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்து சில நாளில் கம்பனியில் வானவில் கொண்டாட்டம். முகப்பு மண்டபத்தில் பெரிய பித்தளைக் குத்துவிளக்கு, உச்சியில் சேவல். இந்த நாட்டில் ரத்ததான முகாமானாலும் கணினி விற்பனையானாலும் விளக்கேற்றாமல் தொடங்க முடியாது. பின்னால் பனர், அதில் நான் குசினிப் படியில் இருந்து எழுதிய வரி. மேசையில் பாற்சோறு. கன்ரீன்காரர் ஆறு நிறத்திலும் பாற்சோறு செய்து, சாய்சதுரமாக வெட்டி, வரிசையாக அடுக்கியிருந்தார். ஊதா மட்டும் சரிவராமல் மண்ணிறமாகப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு சட்டி நிறைய, மிளகாய் இடித்த கட்டாச் சம்பல். விளம்பரத் தலைவர் ஒவ்வொரு நிறத்தையும் படம் எடுத்துக்கொண்டு, மண்ணிறத்தை மட்டும் ஓரமாக வைக்கச் சொன்னார்.

விளக்கின் முதல் திரியை முகாமைத்துவப் பணிப்பாளர் ஏற்றினார். இரண்டாவது திரிக்கு மனேஜர் பெண் மைக்கில் என்னைக் கூப்பிட்டாள். எங்கள் சொந்தச் சகோதரி, துணிச்சலின் அடையாளம் என்று என்னவோ எல்லாம் சொன்னாள். கமராக்காரர் முழங்காலில் இருந்து குறிபார்த்தார். எரிகிற மெழுகுதிரியை அவள் என்னிடம் நீட்டினாள்.

நான் ஒன்றும் திட்டம் போட்டுப் போகவில்லை. கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் என்னோடு இருக்கிறவள் இழுத்தால் போவேன், இழுக்காவிட்டால் வீட்டில் படுத்திருப்பேன். முறை, சடங்கு என்று பெரிதாகக் கவலைப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் அந்த மெழுகுதிரியைப் பார்த்தவுடன் கை போகவில்லை.

"எனக்குத் துடக்கு," என்றேன்.

மனேஜர் பெண்ணின் கை சுருக்கென்று பின்னால் போனது. ஒரு அடி விலகியும் நின்றாள். "ஐயோ அக்கா, அப்ப தொடாதேங்கோ," என்றாள் மெல்லிய குரலில். யார், என்ன முறை, கலியாணம் முடித்தவரின் பெயர் என்ன, எதுவும் கேட்கவில்லை. என்ன பிரச்சினை என்று பக்கத்தில் வந்த விளம்பரத் தலைவருக்கு, அக்காவின் குடும்பத்தில் ஒரு மரணம், அதனால் விளக்கைத் தொடமுடியாது என்று ஆங்கிலத்தில் அழகாக விளங்கப்படுத்தினாள். அவரும் தலையை அசைத்து, கவலை தெரிவித்து, என் தோளைத் தொட வந்து, தொடலாமா என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டார். இரண்டாவது திரியைக் கணக்குப் பிரிவிலிருந்து யாரோ வந்து ஏற்றினார்கள்.

நான் அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனேன். லீவு கேட்டபோது இல்லாத குடும்பம் விளக்குக்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் வழக்கம்போல என் கையைப் பிடிக்க வந்தாள். துடக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும், பிடிக்கவில்லை.

"அது வேற அக்கா, இது வேற," என்றாள்.

அதை எவ்வளவு உண்மையாகச் சொன்னாள் என்றால், எனக்குச் சண்டை பிடிக்கவே வரவில்லை. அவளுக்கு அது நிஜமாகவே வேறு வேறுதான். லீவு சிஸ்டத்துடையது, துடக்கு கடவுளுடையது. நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிற எனக்கு அவளிடம் இருந்ததெல்லாம் பரிதாபமும் பாற்சோறும்தான். போகும்போது ஒரு பெட்டி நிறையப் பாற்சோற்றை அடுக்கி, மேலே சம்பலும் வைத்து, நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லையே அக்கா என்று மேசையில் வைத்துத் தந்தாள். அதை எடுக்காமல் வந்திருக்கலாம். காலையிலிருந்து வெறும் வயிறு, எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்து யோசிக்க யோசிக்க என் மேலேயே எரிச்சல் திரும்பியது. எனக்குத் துடக்கு என்று யார் சொன்னது? முறை தெரிந்த பெரியம்மா இல்லையென்று தெளிவாகச் சொல்லிவிட்டா. அந்த வீட்டில் வேறு யாரும் ஓம் என்று சொல்லவில்லை. யாரும் தராத ஒன்றை எனது என்று முழுக் கந்தோருக்கும் முன்னால் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். பொய் சொல்லிவிட்டேனா என்று மருதானை தாண்டும்வரை மனதுக்குள் முட்டிக்கொண்டிருந்தது. பொய்யாக இருக்கக்கூடாது என்றுதான் ஆசைப்பட்டேன்.

கொட்டாஞ்சேனை வீட்டில் அன்றைக்கு வெளி ஆட்கள் இல்லை. அவளுடைய அம்மா முன்னறையில் பாயில், சுவரில் சாய்ந்து இருந்தா. பெரியம்மா விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தா. அவள் தலை வாரி இழுக்காமல், கசங்கிய பருத்தி உடுப்போடு தாய்க்குப் பக்கத்தில் கிடந்தாள். அன்ரி என்றுதான் அவளுடைய அம்மாவை நான் கூப்பிடுவேன். சாப்பிட்டியோ பிள்ளை என்று கேட்டா. இல்லை அன்ரி, கந்தோரில் தந்தது கிடக்கிறது என்று பெட்டியைத் திறந்தேன். ஆறு நிறமும் பஸ்ஸில் குலுங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன.

பெரியம்மா எட்டிப் பார்த்து, இதென்ன கோதாரி, சோத்துக்குப் பெயின்ற் அடிச்சிருக்கிறாங்கள் என்றா. கந்தோரில் ஒரு விசேஷம் என்றேன். அன்ரி மூக்கைச் சுருக்கினா. சம்பலுக்குள் மாசி கிடக்கிறது, மணக்கிறது என்றா. உண்மைதான். கட்டாச் சம்பலுக்கு மாசிக் கருவாடு போடாமல் எந்தக் கன்ரீன்காரரும் இடிக்கமாட்டார். முப்பத்தொன்று முடியும்வரை அந்த வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. நான் பெட்டியை மூடிக்கொண்டு, வெளியில் வைத்துச் சாப்பிடுகிறேன் என்று எழும்பினேன்.

"ஓம், நீர் சாப்பிடும். உமக்கென்ன," என்றா பெரியம்மா.

"அவவும் சாப்பிடேலாது," என்றா அன்ரி.

பெரியம்மா தட்டைத் துடைப்பதை நிறுத்தினா. "ஏன்?"

"அவவுக்கும் துடக்குத்தானே."

"எந்த முறையில?"

நான் பெட்டியோடு நடுவில் நின்றேன். வாய்க்கரிசி போட்ட நாளில் நான் எந்தக் கேள்விக்குப் பயந்து கதவடியை விட்டு அசையாமல் நின்றேனோ, அந்தக் கேள்வி. அவள் பாயில் எழும்பி இருந்தாள். அன்ரி எங்களைப் பார்க்கவில்லை. கணவனைப் பறிகொடுத்து, நித்திரையும் இல்லாமல் இருக்கிற மனிசியிடம் போய், இதையெல்லாம் விளக்கச் சொல்லி உயிரை வாங்குகிறார்களே என்ற சலிப்புத்தான் அவவின் முகத்தில் இருந்தது.

"பன்னிரண்டு வருசமா ஒரு பானையில சாப்பிடுறவைக்குத் துடக்கு வராட்டி வேற ஆருக்கக்கா வாறது? அந்தாள் சாகிற அண்டும் அவவைக் கேட்டவர், மற்றப் பிள்ளை வரேல்லையோ எண்டு." பிறகு என் பக்கம் திரும்பினா. "உன்னிலதான் பிள்ளை பிழை. துடக்கோட தேத்தண்ணி ஊத்திக்கொண்டு திரியிறாய். நாளையில இருந்து குசினிப் பக்கம் போகாத. கோயிலுக்கும் போகாத. பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ஊத்தட்டும்."

பெரியம்மா இதற்கு எத்தனை நாள் கணக்கு என்று ஏதோ முணுமுணுத்தா. பிறகு தானே எழும்பி வந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தா. அங்கே சின்னப் பிள்ளைகள் எனக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை என்று பங்குக்குச் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. மண்ணிறத்தை யாருக்கும் வேண்டாம் போலிருந்தது.

எனக்குச் செய்ய வேலை ஒன்றும் இருக்கவில்லை. அத்தனை நாளாக அந்த வீட்டில் நான் வெறும் கையோடு நின்றதில்லை. அவள் கொஞ்சம் தள்ளி இருந்து பாயில் இடம் விட்டாள். நான் போய் அவளுக்கும் அன்ரிக்கும் நடுவில் இருந்தேன். அங்கே இருந்துதான், அந்த மனிதர் போனதற்காக முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.